துளைகளை அடைக்காதீர்

பழைய இராணுவ வண்டிகளைப் புதுப்பிப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களிடத்திலும், அவர்களைப் பார்த்து ஆசை கொண்டு அந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்த இளைஞர்களிடத்திலும் ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றி நிற்கிறது. எஞ்சின் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், மேற்பூச்சு அந்தக் காலத்துப் பச்சையாக இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்துவிட்டால் வண்டியின் ஜீர்ணோத்தாரணம் நிறைவெய்திவிட்டது. உள்ளே ரேடியோப் பெட்டியைத் தாங்கி நின்ற இரும்புச் சட்டமும், அதன் ரப்பர்க் கால்களும், ஏரியல் நட்டிருந்த பிடிப்பும், இவற்றையெல்லாம் வண்டியின் உடலோடு பிணைத்த செம்புப் பின்னல்களும், பணமும் பொழுதும் மிஞ்சினால் கடைசியில் சேர்த்துக்கொள்ளத்தக்க அலங்காரமே அன்றி வேறில்லை என்பதே அந்த அபிப்பிராயம். இதை நான் மறுக்கிறேன். பாதியை மறுத்துப் பாதியை ஒப்புக்கொள்ளும் சமரசத்துக்கும் எனக்கு மனமில்லை; ஏனெனில் இந்த எண்ணத்தினால் ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்கும் ஆதாரங்கள், எவ்வளவு பொருள் கொடுத்தாலும் மறுபடி கிடைக்கக்கூடியவை அல்ல.

இங்கிலாந்தின் தென்பகுதியில் என் நண்பர் ஒருவர் வாங்கிய ஜீப்பின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1943-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனி செய்த வண்டி அது; போல்ட் தலைகளில்கூட அந்தக் கம்பெனியின் 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும். விற்றவர், தமக்கு முன்பே ஒரு பட்டறையில் அதை முற்றிலும் புதுப்பித்துவிட்டதாகவும், உடலில் 'தேவையற்ற' ஓட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றும் பெருமையாகச் சொல்லி, அதற்காகவே விலையில் சிறிது கூட்டியும் வாங்கிக்கொண்டார். பானெட்டின் பக்கவாட்டில் மேற்பூச்சை நனைத்த உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு போனபோது, நான்கு பூச்சுகளுக்குக் கீழே பழைய இராணுவப் பதிவெண் மங்கலாக எழுந்து வந்தது; எண்ணின் கடைசியில், சற்றே விலகி, 'எஸ்' என்ற ஓர் ஆங்கில எழுத்தும் தெரிந்தது. அதைக் கண்டதும் நாங்கள் வண்டியின் பின்பகுதியைச் சோதித்தோம். சக்கர மூடியின் மேல், யாரோ பட்டி வைத்து அடைத்து, விரலால் தடவினாலும் தட்டுப்படாதபடி மழுக்கியிருந்த துளைகள், வெயிலிலும் குளிரிலும் இரும்பும் பட்டியும் ஒரே அளவில் சுருங்கி விரியாத காரணத்தால், மயிரிழை போன்ற மெல்லிய வட்டங்களாகத் தம்மைக் காட்டிக்கொண்டிருந்தன. இடது பின்மூலையில், ஏரியல் பிடிப்பு இருந்த இடத்தில், பட்டியோடு நிறுத்தாமல் வெல்டிங் வைத்தே மூடியிருந்தார்கள். சூட்டினால் தகடு நெளிந்து, அந்த நெளிவை மறைக்க இன்னும் ஒரு பூச்சுப் பட்டி ஏறியிருந்தது.

அந்தப் பட்டறைக்காரர் சோம்பேறியல்லர். ஒவ்வொரு துளையையும் பொறுமையாக அடைத்திருக்கிறார். அவருடைய உழைப்பில் குறையில்லை, அவர் ஏற்றுக்கொண்ட கொள்கையில்தான் குறை. தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரால் கோயிற் சுவர்களில் மணல் வீச்சு நடத்தி, கல் பளபளப்பாகிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள், அந்தப் பளபளப்புக்கு விலையாகக் கல்வெட்டெழுத்துகளைக் கொடுத்துவிட்டதைப் பின்னால்தான் உணர்ந்தார்கள். இரும்பு வண்டிக்கும் கல்வெட்டு உண்டு. அது துளைகளால் எழுதப்பட்டது.

எதிர்வாதிகள் முதலில் எடுத்துவைக்கும் வாதம், தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டபோது ஜீப்பில் ரேடியோ கிடையாது; பின்னால் சிக்னல் படையினர்தாம் அதைக் கொண்டுவந்து பொருத்தினார்கள்; ஆகையால் அது வண்டியின் அவயவமன்று, வந்து சேர்ந்த ஆபரணமே என்பதாகும். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்வாதம், நாங்கள் கண்ட அந்த ஓரெழுத்தின் முன்னால் நிற்கமாட்டாது. ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்டும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஒரு சிறு ரேடியோ நிலையமாகித் தன் இரைச்சலை நாற்புறமும் பரப்புகிறது. அந்த இரைச்சலை அடக்குவதற்காக பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளில் மின்தடைகளும், ஜெனரேட்டர் பக்கத்தில் கண்டென்சர்களும், பானெட், மட்கார்டு, எஞ்சின், சாஸி ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் செம்புப் பின்னல்களும் வைக்கப்பட்ட வண்டி என்பதைத்தான் பதிவெண்ணின் பின்னால் நிற்கும் 'எஸ்' அறிவித்தது. பெட்டி வருவதற்கு முன்பே, வரப்போகும் பெட்டிக்காக, வண்டியின் எலும்பும் நரம்பும் பக்குவப்படுத்தப்பட்டிருந்தன. அப்படியிருக்க, பெட்டியும் அதன் தாங்கியும் வண்டிக்கு அந்நியம் என்பது எவ்விதத்தில் நியாயமாகும்?

ஜீப்பை விட்டு டாங்கிக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் பலவீனப்படுகிறது. முதல் உலக யுத்தத்தின் தொடக்கத்தில் ஜெர்மானியக் குதிரைப் படையோடு ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையத்தை நடத்தி, தகவல் நேரத்தில் போய்ச் சேராமையால் படைகள் படும் பாட்டைக் கண்ணால் கண்டவர் குடேரியன். பின்னாளில் கவசப் படையை அமைத்தபோது, டாங்கி ஒவ்வொன்றிலும் ரேடியோ வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது அந்த அனுபவத்தின் பயன். 1941-இல் சோவியத் டாங்கிகள் பலவற்றில் படைத்தலைவரின் வண்டிக்கு மட்டுமே ரேடியோ இருந்தது; மற்றவர்கள், குண்டு மழைக்கு நடுவில் மூடியைத் திறந்து வெளியே நீட்டப்படும் கொடியைப் பார்த்து ஆணையை அறியவேண்டியவர்களாக இருந்தார்கள். கனத்திலும் பீரங்கியிலும் எதிரிக்கு இளைக்காத வண்டிகள், ஒன்றோடொன்று பேச இயலாத ஒரே காரணத்தால் தனித்தனியே அகப்பட்டு அழிந்த வரலாறு அது. இதைப் படித்தறிந்த பிறகும், பேசும் கருவி நின்ற இடத்தை அலங்காரம் என்று சொல்வாரை நான் எப்படி ஏற்பேன்?

ஷெர்மன் டாங்கியின் சுழற்கோபுரத்துக்குப் பின்னால் ஒரு பகுதி புடைத்து நிற்பதைப் படத்தில் பார்த்தவர்களும் அறிவார்கள். ரேடியோ குடியிருந்த அறை அதுதான். அந்த டாங்கியில் தங்களுடைய 17 பவுண்டர் பீரங்கியை ஏற்ற ஆங்கிலேயர்கள் முயன்றபோது, சுடும்போது பின்னுக்குப் பாயும் பீரங்கிக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. ரேடியோவோ நகர இடமில்லாமல் நின்றது. அவர்கள் ரேடியோவைக் கைவிடவில்லை. கோபுரத்தின் பின்சுவரைத் துளைத்து, வெளியே ஒரு கவசப் பெட்டியைப் பற்றவைத்து, ரேடியோவை அதற்குள் குடிவைத்தார்கள். நீண்ட குழாயின் கனத்துக்கு எதிர்க்கனமாகவும் அது உதவிற்று. ஃபயர்ஃபிளை என்று பெயர் பெற்ற அந்த டாங்கிகள் ஏறத்தாழ 2,100 ஆயின. இன்று ஒரு ஃபயர்ஃபிளையின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே பொருத்துச் சட்டமும் இல்லை, துளையும் இல்லை, புதுப் பூச்சு மட்டும் மின்னுகிறது என்றால், அந்த டாங்கியின் உருவமே காரணம் தெரியாத புதிராகிவிடும். ரேடியோவுக்காகக் கவசத்தையே வெட்டத் துணிந்தவர்களின் கைவேலையை, கவசம் மட்டும் போதும் என்பவர்கள் எப்படிப் புரிந்துகொள்ளப் போகிறார்கள்?

இரண்டாவதாக வரும் வாதம், ஏதோ ஒரு சட்டம், ஏதோ ஒரு பெட்டி, பார்ப்பதற்குப் பழையதாக இருந்தால் போதும் என்பது. முன்னதைவிட இது ஆபத்தானது. முன்னது உண்மையை மறைப்பதோடு நிற்கிறது. இது பொய்யைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்துகிறது. அமெரிக்க இராணுவம் தன் படைப் பிரிவுகளுக்கு அலைவரிசைகளைப் பாகம் பிரித்துக் கொடுத்திருந்தது: கவசப் படைக்கு 20.0 முதல் 27.9 மெகாசைக்கிள், பீரங்கிப் படைக்கு 27.0 முதல் 38.9, காலாட்படையினர் முதுகில் சுமந்துசென்ற எஸ்.சி.ஆர். 300 என்ற ரேடியோவுக்கு 40 முதல் 48. முதலிரண்டும் விளிம்பில் ஒரு சிறு துண்டளவே ஒட்டிக்கொண்டன. மூன்றாவது முற்றிலும் விலகி நின்றது. நார்மண்டியின் வேலிப்புதர்களுக்கு இடையில், பத்தடி தூரத்தில் நிற்கும் டாங்கியினிடம் காலாட்படைவீரன் 'அதோ, அந்தப் பக்கம் சுடு' என்று சொல்ல வழியில்லாமல் தவித்ததும், டாங்கியின் முதுகில் ஒரு டெலிபோனைக் கட்டி அந்தக் குறையைத் தீர்க்கவேண்டி வந்ததும், பிற்பாடு காலாட்படை ரேடியோவின் டாங்கி வடிவத்தை உள்ளே ஏற்றியதும் இந்தப் பாகப்பிரிவினையின் விளைவுகள். ஆகவே, எந்த ரேடியோ என்பது வண்டி யாரோடு பேசிற்று என்பதன் சாட்சி.

ஜீப்புகளில் பெரிதும் பயன்பட்ட எஸ்.சி.ஆர். 510, எஸ்.சி.ஆர். 610 என்ற இரண்டு ரேடியோக்களும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்போலத் தோன்றுவன. முன்னது கவசப் படையின் அலைவரிசையில் பேசும், பின்னது பீரங்கிப் படையின் அலைவரிசையில். பம்பரில் டாங்கிப் பட்டாளத்தின் குறியை எழுதிவிட்டு, சந்தையில் மலிவாய்க் கிடைத்தது என்பதற்காக உள்ளே 610-ஐ வைத்திருந்த ஒரு ஜீப்பைக் கென்ட் பகுதியின் கோடைக் கண்காட்சி ஒன்றில் நான் பார்த்திருக்கிறேன். அதைச் சுற்றிலும் கூட்டம்; படம் எடுப்பவர்கள் எத்தனை பேர்! விளிம்பிலுள்ள அந்தச் சிறு துண்டை விட்டால், அந்த வண்டி தன் பட்டாளத்தின் டாங்கிகளோடு பேச முடியாத வண்டி என்பதை அங்கிருந்த யாரும் அறியவில்லை, வைத்தவருக்கும் தெரியாது. பூச்சின் பச்சை ஒரு நிழல் மாறினால் மணிக்கணக்கில் வாதாடுகிற அறிஞர்கள், இந்தப் பிழையைக் கண்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்தது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

1944-ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் அதே நார்மண்டியில் அமெரிக்கர்கள் நடத்திய 'கோப்ரா' தாக்குதலையும் இங்கே நினைக்கவேண்டும். விமானப் படைத் தளபதி கேசாடா, தரைப்படைத் தளபதி பிராட்லியோடு இசைந்து, முன்னணியில் செல்லும் ஷெர்மன்களில் சிலவற்றில் விமானங்களுக்குரிய ரேடியோவை ஏற்றி, கூடவே ஒரு விமானப்படை அதிகாரியையும் உட்காரவைத்தார். டாங்கிக்குள்ளிருந்து ஆகாயத்தோடு நேரே பேசும் வழக்கம் அப்படித்தான் பெருகிற்று. விமானத்துக்கென்று செய்த பெட்டியை டாங்கிக்குள் நிறுத்தத் தொழிற்சாலையின் வரைபடம் எதுவும் முன்கூட்டி இருந்திருக்க முடியாது; யுத்தகளத்துப் பட்டறையில் கைக்குக் கிடைத்த இரும்பைக் கொண்டுதான் பிடிப்பு அமைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட டாங்கி ஒன்று இன்று நம் கைக்கு வந்தால், அதன் பெருமையைச் சொல்ல மிஞ்சியிருக்கக் கூடியது, ஒழுங்கற்ற இடத்தில் ஒழுங்கற்ற இடைவெளியில் இட்ட சில துளைகளே. வரைபடத்தில் இல்லை என்று சொல்லி அவற்றை அடைக்கிறவர், அந்த டாங்கியை மற்ற ஆயிரம் டாங்கிகளில் ஒன்றாக ஆக்கிவிடுகிறார்.

இனி, அலங்காரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அலங்காரத்துக்கு ரப்பர்க் கால் எதற்கு? தாங்குசட்டம் என்பது வெறும் பலகையன்று. அதுவே ஒரு யந்திரம். அக்கால ரேடியோவுக்கு ஜீவன் கண்ணாடி வால்வுகள். வால்வுக்குள் மயிரிழை போன்ற கம்பிகள். அவை நடுங்கினால் நடுக்கம் அப்படியே சத்தமாகிக் காதில் விழும், நடுக்கம் முற்றினால் இழை அறுந்துபோகும். நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும் நாலு சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 80 தடவை வெடித்து வண்டியை உலுக்குகிறது. தாங்கியின் ரப்பர், அந்த உலுக்கலை வாங்கிக்கொண்டு பெட்டிக்குக் கொடாமல் இருக்கவேண்டுமானால், பெட்டியும் ரப்பரும் சேர்ந்து தாமாக ஆடும் வேகம், உலுக்கும் வேகத்துக்கு வெகு கீழே இருக்கவேண்டும். உலுக்கும் வேகம், தாமாக ஆடும் அந்த வேகத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டால்தான் தாங்கி காக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே அது காப்பதில்லை, உலுக்கலைப் பெருக்குகிறது. எண்பது வருஷத்து ரப்பர் காற்றாலும் எண்ணெயாலும் கல்லாக இறுகிவிடும். இறுகிய ரப்பரின் மேல் வைத்த பெட்டி, இரும்பின்மேல் நேராக வைத்த பெட்டியைக் காட்டிலும் மோசமாக அடிபடும் வேகங்கள் உண்டு. ஆகவே பழைய ரப்பரை மாற்றவே வேண்டும். இந்த ஒன்றில் எதிர்வாதிகளோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அவர்கள் ரப்பர் கெட்டது என்பதற்காகச் சட்டத்தையே குப்பையில் எறிகிறார்கள்; அல்லது கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கெட்டி ரப்பரை வெட்டி வைத்து, பார்வைக்குச் சரி என்கிறார்கள். பழைய இரும்புக் கிண்ணங்களைக் காப்பாற்றி, இறுகிய ரப்பரைச் சூடு காட்டிப் பிரித்து, பெட்டியின் கனத்துக்கு ஏற்ற மென்மையுள்ள புது ரப்பரை அதே கிண்ணத்தில் வார்த்து ஒட்டுவிப்பது இயலாத காரியமல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவே.

அந்த ரப்பரைக் கையில் எடுக்கும்போது தமிழனாகிய எனக்கு ஒரு நினைவு வராமல் இருப்பதில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்வதற்கு முன்னால் அமெரிக்கா வாங்கிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தே சென்றது. அதில் பெரும்பங்கைக் கொடுத்த மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிச் சென்ற கூலி ஜனங்கள். மலாயா கைவிட்டுப் போன பிறகே அமெரிக்கர்கள் செயற்கை ரப்பருக்கு அவ்வளவு அவசரமாகத் திரும்பினார்கள். ஒரு தாங்கியின் கால் இயற்கை ரப்பரா, செயற்கையா என்பது அது செய்யப்பட்ட காலத்தையும் அக்காலத்து நெருக்கடியையும் சொல்லக்கூடும். எறிவதற்கு முன் ஒரு துண்டையாவது வெட்டி, தேதி எழுதி, ஓர் உறையில் போட்டு வையுங்கள் என்று நான் கேட்பது மிகையான கோரிக்கையா?

ரப்பரைப் பற்றிச் சொன்னபின் செம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரப்பர் மின்சாரத்தை விடாது. ஆகவே ரப்பர்க் காலில் நிற்கும் சட்டம் வண்டியின் உடலோடு மின்தொடர்பு இல்லாமல் தனித்துப்போகும். அதைத் தடுக்கவே, ஈயம் பூசிய செம்புப் பின்னல் ஒன்று சட்டத்தையும் உடலையும் பிணைக்கும். அந்தப் பின்னல் சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்படி செய்து, பல் வைத்த ஸ்டார் வாஷரை இட்டு, அதன் பற்கள் இரும்பைக் கடிக்கும்வரை போல்ட்டை முடுக்குவார்கள். இன்றைய புதுப்பிப்பாளரோ, அந்த இடத்தையும் சேர்த்து ஒரே பவுடர் கோட்டிங்காக அடித்து, வாஷர் பூச்சைக் கீறிவிடும் என்று அஞ்சி அதன் கீழே பிளாஸ்டிக் வளையம் வைக்கிறார். கண்ணுக்கு அது குற்றமற்றது. மின்சாரத்துக்கு அது வெட்டுண்ட நரம்பு.

இதற்கும் ஒரு சமாதானம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்கக் கவசப் படை பயன்படுத்தியது ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த எஃப்.எம். முறை, அது இரைச்சலைத் தானே விழுங்கிவிடும், ஆகையால் பின்னலும் பல் வாஷரும் அநாவசியம் என்பதே அந்தச் சமாதானம். ஆர்ம்ஸ்ட்ராங் யுத்த காலத்தில் தம் உரிமைப் பணத்தை விட்டுக்கொடுத்து அம்முறையை இராணுவத்துக்குத் தந்ததும், டாங்கிகளின் பேரிரைச்சலுக்கு நடுவிலும் அது தெளிவாகப் பேசியதும் உண்மையே. ஆனால் எஃப்.எம். இரைச்சலை அடக்குவது, வரும் குரல் இரைச்சலைவிடப் போதிய அளவு ஓங்கியிருக்கும்போது மட்டுந்தான். குரல் மெலிந்து அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால், எஞ்சினின் பொறிச் சத்தம் குரலையே மூடிவிடும். தூரத்தில் இருப்பவனுடைய மெலிந்த குரலே யுத்தகளத்தில் மிக அவசரமாகக் கேட்கவேண்டிய குரல். அன்றியும், ஆங்கிலேயர்களின் 19-ஆம் எண் ரேடியோ, 2 முதல் 8 மெகாசைக்கிள் வரை பேசியது பழைய ஏ.எம். முறையில், அதற்கு இரைச்சலிலிருந்து இயற்கையான காப்பு எதுவும் கிடையாது. பின்னலை அநாவசியம் என்ற சமாதானம், அந்த ரேடியோவின் முன்னே ஒரு விநாடியும் நில்லாது.

'உள்ளே யார் பார்க்கிறார்கள்?' என்ற கேள்விக்கு நான் அதிகம் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவன் பார்த்தான். முட்டியில் இடிக்கும் அந்தச் சட்டத்தின் விளிம்பும், ரேடியோவுக்கு மின்சாரம் ஊட்டியபடி காதருகே முனகும் டைனமோட்டாரும், பத்துப் பொத்தான்களில் எதை அழுத்தினால் தன் தலைவன் பேசுவான் என்ற நினைப்புந்தான் அவனுடைய யுத்தம். வெளிப்பூச்சை அவன் எத்தனை தடவை நின்று பார்த்திருப்பான்?

'ரேடியோவை இனி யார் பயன்படுத்தப் போகிறார்கள், அதற்கு உரிமம் எங்கே' என்பது எதிர்வாதிகளுடைய இறுதிக் கேள்வி. பயன்படுத்துகிறார்கள். 19-ஆம் எண் ரேடியோவின் எல்லைக்குள் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் 3.5, 7 மெகாசைக்கிள் அலைவரிசைகள் அடங்குகின்றன. பிரிட்டனில் பழைய இராணுவ ரேடியோக்களில் பற்றுள்ளவர்கள் 3,615 கிலோசைக்கிளில் கூடி ஏ.எம். முறையிலேயே பேசிக்கொள்கிறார்கள். 610-இன் எல்லைக்குள்ளும் அமெச்சூர்களின் 28 மெகாசைக்கிள் அலைவரிசை அடங்குகிறது. உரிமம் பெற்ற ஒருவர், ஓடும் ஜீப்பிலிருந்து மற்றொரு ஜீப்போடு பேசிக் காட்டும்போது, அங்கே நிற்கும் சிறுவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். போலிச் சட்டத்தின் மேல் வைத்த வெற்றுப் பெட்டியால் அந்த வியப்பைத் தரமுடியாது. யாருமே பேசப்போவதில்லை என்று வைத்துக்கொண்டாலும் என் வாதம் தளராது. சில பெட்டிகளுக்குள் தேன் நிறத்தில் ஒரு வார்னிஷ் பூசி, 'எம்.எஃப்.பி.' என்ற முத்திரையும் மாதமும் ஆண்டும் இட்டிருப்பார்கள். வெப்ப மண்டலத்தின் ஈரத்தையும் பூஞ்சையையும் தடுக்கச் செய்த காப்பு அது. அழுக்கென்று கருதிக் கரைப்பானால் அதைத் துடைத்தெறிகிறவர், அந்தப் பெட்டியைப் பசிபிக் தீவுகளுக்கோ பர்மாக் காட்டுக்கோ அனுப்ப ஆயத்தப்படுத்தியவர்களின் கையெழுத்தைத் துடைக்கிறார்.

எதிர்ப்பக்கத்தில் மிகையாகச் செல்பவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. ஒரே ஜீப்பில் மூன்று ரேடியோ, நான்கு ஏரியல், கிடைத்த ஒலிவாங்கியெல்லாம் என்று அடுக்கி, அதற்காகப் புதுத் துளைகளைக் குடைகிறவர்கள், துளையை அடைப்பவர்களுக்குச் சமமான தீங்கையே செய்கிறார்கள்; அடைப்பவர் சாட்சியை அழிக்கிறார், குடைபவர் பொய்ச்சாட்சியை உண்டாக்குகிறார். வண்டி எதைச் சுமந்தது என்று அதன் இரும்பு சொல்கிறதோ, அதை மட்டும் வைக்கவேண்டும். இரும்பு சொல்லாததை வைக்கவேண்டாம்.

செலவு என்பார்கள். எஞ்சினுக்கும் பூச்சுக்கும் ஆகும் பணத்தோடு பார்த்தால், துளையை அடைக்காமல் விடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. பெயின்டை நீக்கியவுடன் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் துளைகளின் படத்தை எடுத்துக்கொள்வதற்கும், இடைவெளிகளை அளந்து எழுதுவதற்கும் ஒரு பிற்பகல் போதும். பின்னல் சேரும் இடங்களைக் காகிதத்தால் மூடிவிட்டு மற்ற இடத்தில் பூச்சு அடிப்பது எந்தப் பெயின்டருக்கும் தெரிந்த வேலை.

நண்பரின் ஜீப்பில் அந்தப் பட்டியை வெளியே எடுக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. கூரிய ஊசியால் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகப் பெயர்த்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தோம். சக்கர மூடியில் ஆறு துளைகள் வெளிப்பட்டன. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது நான்கு துளைகளைச் சுற்றி, இரும்பில், சூரியனைப் படம் வரைந்ததுபோல, வட்டமாகச் சின்னச் சின்னக் கடிகள் தெரிந்தன. ஸ்டார் வாஷரின் பற்கள் பதிந்த தடம். மற்ற இரண்டு துளைகளைச் சுற்றி எந்தத் தடமும் இல்லை. அவை யுத்தத்துக்குப் பிறகு, யாரோ ஒருவர் தம் சாமானுக்காகக் குடைந்தவை. ஆறையும் ஒன்றாகப் பாவித்து அடைத்த கைக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பே இருக்கவில்லை. நான்கின் இடைவெளியை அளந்து, பழைய சட்டம் ஒன்றைத் தேடி, எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் கண்டெடுத்தோம். நான்கு போல்ட்டும் ஒரு தட்டும் தட்டாமல் தத்தம் துளையில் இறங்கின. அதன்மேல் வைக்க வேண்டிய பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. கண்காட்சிக்கு அவர் அந்த வெறும் சட்டத்தோடுதான் போகிறார். இது என்ன காலிச் சட்டம் என்று கேட்பவர்களை ஜீப்பின் பின்புறம் அழைத்துச் சென்று, பின்னல் சேரும் போல்ட்டைக் கழற்றி, அவர்களுடைய விரலைப் பிடித்து அந்தக் கடித்தடத்தின் மேல் வைக்கிறார்.